சிறீதரன் வாசித்த அறிவித்தல்

தன் தகப்பன் செத்துப்போன செய்தி சிவானுஜாவுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தத் தகப்பன் அவளுக்கு எதிரே இருந்து உருளைக்கிழங்குப் பொரியலை மயோனைசில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செய்தி சொன்னவன் யதுசன், ஹனோவரில் இருக்கும் பெரியப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்து வருடக்கணக்காகிறது. அவனுடைய பெயர் கைபேசியில் தெரிந்ததுமே அவள் சாப்பாட்டை விட்டுவிட்டு எடுத்தாள்.

“சிவா, சித்தப்பாவின்ர விஷயம் இப்பதான் கேள்விப்பட்டன்,” என்றான். “எப்ப நடந்தது?”

“என்ன எப்ப நடந்தது?”

“சித்தப்பா மோசம்போனது.”

அவள் தகப்பனைப் பார்த்தாள். சிறீதரன் புருவத்தை உயர்த்தி, ஆர் என்று சைகையால் கேட்டார். வாயோரத்தில் மயோனைஸ் ஒட்டியிருந்தது.

“அப்பா எனக்கு முன்னால இருந்து சாப்பிடுறார், யது.”

“அப்ப அந்த அறிவித்தல்?” என்றான்.

“அது எங்கட பாட்டு.”

“பாட்டோ? பாட்டுக்காக ஆரும் பெத்த தகப்பனைச் சாக்காட்டுவினமோ?”

நியாயமான கேள்விதான். அவர்கள் இருக்கும் டோர்ட்மண்ட் நகரத்தில் அதைக் கேட்காத தமிழ்ச்சனம் இல்லை.

சிவானுஜாவும் நிருஜனும் நடத்தும் இசைக்குழுவுக்குப் பெயர் ‘குளிர்பெட்டி’. அவள் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுவாள். அவன் சின்தசைசர். மேளத்துக்கு ஆள் கிடையாது, ஒரு பழைய ட்ரம் மெஷின்தான். நியூ வேவ் என்பார்கள் இந்த வகையை. ராக்தான், ஆனால் வியர்க்காத ராக். கிட்டார் அலறாது, தாளம் தடுமாறாது, பாடுகிறவர் அழவேண்டிய விஷயத்தைக்கூட முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பாடுவார். இது உனக்கு எங்கிருந்து பிடித்தது என்று யாராவது கேட்டால், தன் தகப்பன் வானொலியில் மரண அறிவித்தல் வாசித்ததிலிருந்து என்று சொல்வாள். கேட்டவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். அது பகிடி அல்ல.

சிறீதரன் பகலில் பேக்கரித் தொழிற்சாலையில் பாண் அடுக்கினார், பின்னேரங்களில் தமிழ் வானொலியில் சம்பளமில்லாத அறிவிப்பாளராய் இருந்தார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நகரத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்ன தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அன்புத் தந்தையும், மாமனாரும், மைத்துனரும்... ஒரு எழுத்துப் பிசகாமல், ஒரு சொல்லில்கூடக் குரல் நனையாமல் வாசிப்பார். சனம் அந்தக் குரலை மழைச்சத்தம் மாதிரிக் கேட்டது. யார் வாசிக்கிறார் என்று ஒருவரும் யோசித்ததில்லை. யாருடைய பெயர் வருகிறது, அதைவிட முக்கியமாக யாருடைய பெயர் வரவில்லை என்றுதான் காது கொடுத்தார்கள்.

பாட்டு எழுதியபோது சிவானுஜா ஒரு கற்பனைப் பெயரைப் போட்டு அறிவித்தல் தயாரித்து, வாசித்துத் தாருங்கோ என்று தகப்பனிடம் நீட்டினாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

“ஏலாது பிள்ளை. நீ எந்தப் பேரை வைச்சாலும் அந்தப் பேரிலை எங்கையோ ஒருத்தன் உயிரோட இருப்பான். அவன்ர பெண்சாதி கேட்டால் என்ன ஆகும்? என்ர பேரையே போடு. நான் உயிரோட இருக்கிறது எனக்குத் தெரியும்தானே.”

ஊரிலுள்ள எல்லாருக்காகவும் யோசித்த மனிதர் தனக்காக யோசிக்க மறந்துவிட்டார். தன் கைப்படவே எழுதினார். தகப்பன் தாய், பெண்சாதி, மகள், சகோதரங்கள் என்று ஒரு உறவும் தவறவில்லை. பாட்டுக்கு இது நீளம் அப்பா, சகோதரங்களை வெட்டுவம் என்று அவள் சொன்னபோது, “அறிவித்தல் எண்டால் முழுசா இருக்கவேணும்” என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

‘அறிவித்தல்’ என்ற அந்தப் பாட்டுத்தான் குளிர்பெட்டியை ஊருக்குக் காட்டியது. முதலில் ஒரு சின்ன வானொலி போட்டது, பிறகு பெரிய வானொலிகள். ஒரு ஜெர்மன் விமர்சகர் அதைப் பழந்தமிழ்ப் பக்திப் பாடல் என்று எழுதி, அதிலுள்ள பேரமைதியைப் பற்றி இரண்டு பந்தி புகழ்ந்தார். மகனும், கணவரும், தந்தையும் என்று ஒவ்வொரு உறவு முடியும்போதும் மெஷின் ஒரு அடி அடிக்கும். கறுப்புச் சட்டை போட்ட ஜெர்மன் பிள்ளைகள் கையை உயர்த்தி ‘உம்’ என்று கத்துவார்கள். அந்தப் பாட்டு இல்லாமல் இவர்களை எந்த மேடையும் கூப்பிடவில்லை. தமிழ்ச்சனம் இரண்டாகப் பிரிந்தது. இளசுகள் ரிங்டோனாக்கினார்கள், பெரியவர்கள் அபசகுனம் என்றார்கள். தாய் கமலாம்பிகை முதல்முறை கேட்டுவிட்டு எழும்பிக் கோயிலுக்குப் போய்ப் புருஷன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

இப்போது யாரோ பாட்டிலிருந்து வாசிப்பை மட்டும் பிரித்து வெட்டியெடுத்து, இசையில்லாமல், ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். தெரியாமல் செய்தார்களா, வேண்டுமென்று செய்தார்களா என்பது அந்த ஆளுக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம்.

“அப்பா கொஞ்சம் முந்தி ஸ்டுட்கார்ட்டிலை ரயிலேறிட்டார், சிவா,” என்றான் யதுசன். “துக்கம் விசாரிச்சு ஓயாமக் கோல் வருதெண்டு போனையும் நிப்பாட்டிப்போட்டார். எந்த ரயிலெண்டு தெரியாது. ஸ்டென்ட் வைச்ச நெஞ்சு. ஆராவது போய் மெதுவாச் சொல்லுங்கோ.”

அவள் கைபேசியை வைத்துவிட்டுத் தகப்பனிடம் சொன்னாள். மெதுவாகச் சொல்ல அவளுக்கு வராது. உள்ளதை அப்படியே சொன்னாள்.

சிறீதரன் கையிலிருந்த பொரியலைத் திரும்பத் தட்டில் வைத்தார். “அண்ணையோ? அண்ணையோ வாறார்?”

“ஓம்.”

“என்ர செத்தவீட்டுக்கோ?”

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே பயமாக மாறிவிட்டது.

பெரியப்பா குணசேகரத்தின் கோபத்துக்கும் ஒரு மரண அறிவித்தல்தான் காரணம். சிறீதரனின் தாய் ஊரில் இறந்தபோது அண்ணன் தம்பி இருவருக்குமே போக வழியிருக்கவில்லை. ஸ்டுட்கார்ட்டில் குணசேகரம் வீட்டில் சனம் கூடியிருந்தது. எல்லாரும் வானொலியைச் சுற்றி இருந்து கேட்டார்கள். சிறீதரன் தன் தாயின் அறிவித்தலைத் தானே வாசித்தார். ஒரு வரி தவறிவிட்டது. மூத்த மகனின் பெயர் இருந்த வரி. வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால், பெற்ற தாய்க்கு மகனில்லாதவனாக இருந்தார் குணசேகரம். மறுநாள் திருத்தி வாசித்ததும் உதவவில்லை. கேட்காத ஆட்களையும் அது கேட்கவைத்தது. அண்ணன் ஒரேயொரு முறை தொலைபேசி எடுத்தார். “நீ செத்தாலும் உன்ர வாசலுக்கு வரமாட்டன்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தச் சபதத்தை உடைத்துக்கொண்டுதான் இப்போது மனிதர் வருகிறார்.

“அவர் வாறது செத்துப்போன தம்பியட்டை,” என்றார் சிறீதரன். “நான் உயிரோட இருக்கிறதைக் கண்டால்... பகிடிக்கு என்னைக் கூப்பிட்டு அலைக்கழிச்சிட்டாங்கள் எண்டுதானே நினைப்பார். இவ்வளவு நாளும் கோவம் ஒரு பக்கம் கிடந்தது. இனித் திரும்பி வரக் கதவே இருக்காது, பிள்ளை.”

அவள் தேற்றப் பார்த்தாள். ஆனால் அவர் சொன்னது சரி.

இன்றைக்குத்தான் குளிர்பெட்டியின் பெரிய கச்சேரி. பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் இயந்திரக் கூடத்தை மண்டபமாக்கியிருந்தார்கள். டிக்கெட் எல்லாம் விற்றாயிற்று. வானொலி நேரடியாக ஒலிபரப்புகிறது, ஒலிபரப்பு ‘அறிவித்தல்’ பாட்டோடுதான் தொடங்கும். மண்டப வாசலில் ஆளுயரச் சுவரொட்டி. அதில் சிறீதரனின் படம், ஓவல் சட்டத்துக்குள், கீழே எரிகிற விளக்கு, மேலே ‘மரண அறிவித்தல்’ என்ற எழுத்து. அந்த யோசனை நிருஜனுடையது. அழகாகத்தான் இருந்தது, இன்று மத்தியானம் வரை.

கமலாம்பிகைக்குச் செய்தி போனது. அவள் பஸ் பிடித்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததும் மகளை ஒரு பார்வை பார்த்தாள். “நான் சொன்னனான்,” என்றாள். அதற்கு மேல் ஏசவில்லை, ஏசியிருந்தால் சிவானுஜாவுக்கு லேசாக இருந்திருக்கும்.

முதல் வேலையாக சிறீதரன் அதே வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார். நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன், உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். பழக்கதோஷம், அப்படித்தான் வாயில் வந்தது. பதிலுக்குக் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. ஆத்மா சாந்தியடையட்டும் என்று பலர் எழுதினார்கள். ஒரு அம்மா, சாவதற்கு முதல் இப்படியொரு செய்தியைப் பதிந்து வைத்த பெரிய மனசு என்று எழுதியிருந்தார். தன்னை உயிர்ப்பிக்க அவரால் முடியவில்லை.

பிறகு புருஷனும் பெண்சாதியும் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குணசேகரத்துக்கு இவர்களுடைய வீடு தெரியாது, நிலையத்தில் இறங்கித்தான் யாரையாவது விசாரிப்பார் என்று மூவரும் நம்பினார்கள்.

நிருஜன் மேடையில் கம்பிகளைச் செருகிக்கொண்டிருந்தான். அவனிடம் சிவானுஜா, “அந்தப் பாட்டை இண்டைக்கு விடுவம்” என்றாள்.

“விசரோ உனக்கு? ஒலிபரப்பே அதோடதான் தொடங்குது. அதுக்குத்தானே எங்களைக் கூப்பிட்டவங்கள்.”

“எங்கட பெரியப்பா வந்துகொண்டிருக்கிறார்.”

“வரட்டும். வந்து பார்த்தால் பாட்டெண்டு அவருக்கு விளங்கும். அதுதானே நல்லது.” அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “சிவா, நீ காது மெஷின் கடையிலை லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாய், நான் பார்சல் ஏத்திற வேலை. திரும்ப இப்படி ஒரு நாள் வராது.”

அவன் சொன்னதிலும் பிழையில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாரும் சரியாகவே பேசினார்கள், பிழை விட்டது அவள் ஒருத்திதான் போலிருந்தது. அவளுக்கு அந்தப் பாட்டு வேண்டும். பெரியப்பா திரும்பிப் போகவும் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் விரும்புகிற தன்னை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

கதவு திறந்தார்கள். வெளியே கோடை வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. சனம் வந்தது, எல்லாம் கறுப்பு. கறுப்புக் கோட்டு, கறுப்புச் சப்பாத்து, கறுப்பாய் மை தீட்டிய கண். இந்த இசையைக் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் உடுப்பார்கள். வழக்கமாக அதைக் காண அவளுக்குப் பெருமையாய் இருக்கும். இன்றைக்கு மேடையோரம் நின்று பார்க்கச் செத்தவீட்டுக்கு வந்த சனம் மாதிரியே இருந்தது.

சிறீதரன் தனியே திரும்பி வந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

“வந்த ரயில் எல்லாம் பார்த்திட்டம். இல்லை. அம்மா வரமாட்டனெண்டு அங்கையே நிக்கிறா.”

“அப்பா, இண்டைக்கு வேண்டாம். நான் போய் வானொலிக்காரரோட கதைக்கிறன்.”

“இவ்வளவு சனத்தையும் கூப்பிட்டுப்போட்டு என்னெண்டு வேண்டாமெண்டுறது? நான் மைக்குக்கு முன்னால ஒருநாளும் மாட்டனெண்டு சொன்னதில்லை. வாசிச்சிட்டு உடனை திரும்ப ஸ்டேஷனுக்குப் போறன். நீ பயப்படாதை.” அறிவித்தல் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவள் இன்னொரு முறை தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பாட்டு தப்பியது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததை அவளால் மறுக்க முடியாது.

விளக்குகள் அணைந்தன. வானொலிக்காரர் கையைக் காட்டினார். இருட்டுக்குள்ளிருந்து, மேடையின் ஓரத்திலிருந்து, அந்தக் குரல் எழுந்தது.

“யாழ்ப்பாணம் புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி டோர்ட்மண்டை வதிவிடமாகவும் கொண்ட தம்பிமுத்து சிறீதரன் அவர்கள்...”

ஒரு வெள்ளை வெளிச்சம் மேடையின் நடுவில் விழுந்தது. சிறீதரன் வாசித்துக்கொண்டே அதற்குள் நடந்து வந்தார். நிருஜன் சின்தசைசரில் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தான். மேடை வெளிச்சம் முன்வரிசையிலும் கொஞ்சம் பட்டது. அப்போதுதான் சிவானுஜா கண்டாள்.

வாசலிலிருந்து சனம் விலகி வழி விட்டுக்கொண்டிருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வயதான தமிழர், கையில் பெரிய வெள்ளை மலர்வளையத்தோடு, அந்த வழியால் மெதுவாக வந்தார். இதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். தலைமுடி கொட்டி, கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் அந்த மூக்கும் நெற்றியும் அவளுடைய தகப்பனுடையவை.

எப்படி வந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. ரயிலேற முதலே வீட்டு விலாசத்தை ஊர்க்காரர் யாரோ கொடுத்திருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு ஜெர்மன் அம்மா, எல்லாரும் மண்டபத்தில் என்று வழி சொல்லியிருக்கிறார். வாசலில் தம்பியின் படம், விளக்கு, மரண அறிவித்தல். உள்ளே கறுப்பு உடுத்த சனம். வாசல் காவலாளி மலர்வளையத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமலே விட்டிருக்கிறான். பெட்டி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு மனிதர் முன்னுக்கு வந்திருக்கிறார்.

மெஷின் தொடங்கியது. அதைச் சிவானுஜாதான் தொடக்கவேண்டும். கால் தன் பாட்டில் மிதித்துவிட்டது.

“தம்பிமுத்து பாக்கியம் தம்பதிகளின் அன்பு மகனும்,”

உம், என்றது சனம்.

“கமலாம்பிகையின் பாசமிகு கணவரும்,”

உம்.

“அப்பா,” என்றாள் அவள். மைக்கிலிருந்து விலகித்தான் சொன்னாள், யாருக்கும் கேட்கவில்லை.

“சிவானுஜாவின் அன்புத் தந்தையும்,”

உம்.

சிறீதரன் அடுத்த வரிக்கு மூச்சு எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார். அண்ணன் சரியாக அவருக்குக் கீழே நின்றார். ஒரு மேடை உயரந்தான் இருவருக்கும் இடையில். ஒருவர் தன் சாவை வாசிக்கிறார், மற்றவர் அதற்கு மலர்வளையம் கொண்டு வந்திருக்கிறார்.

வாசிப்பு நின்றது.

மெஷின் நிற்கவில்லை. வெறும் இடத்தில் அடி விழுந்தது. இன்னொரு அடி. சனம் கையை உயர்த்தியபடி காத்திருந்தது. வானொலிக்காரர் தன் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து நிருஜனைப் பார்த்தார், நிருஜன் அவளைப் பார்த்தான். குணசேகரத்தின் முகத்தில் கோபமா, வெறுப்பா, பயமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. உதடு மட்டும் ஒரு முறை அசைந்தது. பிறகு மலர்வளையத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி, பக்கக் கதவை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

சிறீதரன் தாளைக் கீழே போட்டார். ஒருநாளும் மைக்குக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லாத மனிதர், நேரடி ஒலிபரப்பில், சொல்லாமல் கொள்ளாமல் மேடையிலிருந்து இறங்கித் தமையனுக்குப் பின்னால் ஓடினார்.

“நீ வாசி,” என்று நிருஜன் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். “உனக்குப் பாடம்தானே. வாசி.”

பாடம்தான். ஒத்திகைகளில் கணக்கில்லாமல் கேட்டது. அவள் மைக்குக்குக் கிட்டப் போனாள். அடுத்தது பெரியப்பாவின் பெயர் வருகிற வரி, பிறகு தம்பிமுத்து சிறீதரன் அவர்கள் இறைவனடி சேர்ந்தார் என்று முடிக்கவேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். வரவில்லை. தகப்பன் வாசித்தபோது அது பாட்டாக இருந்தது. தன் வாயால் சொல்லப் போனபோது அது அப்பா. அவர் தன்னைத் தானே சாகடித்து மகளுக்கு ஒரு பாட்டுக் கொடுத்திருக்கிறார், அவள் அதை இவ்வளவு நாளும் வெறும் பாட்டென்று நினைத்து ஊர் ஊராய்க் கொண்டு திரிந்திருக்கிறாள்.

அவள் குனிந்து மெஷினின் மின்கம்பியைப் பிடுங்கினாள். தாளம் செத்தது. நிருஜனின் ஒற்றைச் சுரம் மட்டும் கொஞ்சம் இழுபட்டு, அவன் கையை எடுத்ததும் அதுவும் நின்றது. அவள் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி ஓடினாள்.

பக்கக் கதவுக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கியிருந்த ஒடுங்கிய நடையில், குணசேகரம் ஒரு பெட்டியின் மேல் இருந்தார். மலர்வளையம் மடியில். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சிறீதரன் அவருக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

“அண்ணை, நெஞ்சு நோகுதோ? தண்ணி கொண்டரட்டே?”

“வேண்டாம்.”

“பாட்டு, அண்ணை. இது பிள்ளையின்ர பாட்டு. உங்களைக் கூப்பிடவெண்டு செய்யேல்லை. ஆரோ வெட்டி அனுப்பிப்போட்டாங்கள்.”

“குரல் உன்ரதெண்டு எனக்குத் தெரியும்,” என்றார் குணசேகரம். “நீயே முந்தி எழுதி வாசிச்சு வைச்சிட்டுப் போயிட்டாயெண்டு நினைச்சன். நீ அப்பிடியான ஆள்தானே. மற்றவன் பிழையா வாசிச்சுப்போடுவானெண்டு.”

சிவானுஜா கதவோரம் நின்றாள். கிட்டப் போகப் பயமாக இருந்தது. இந்த மனிதர் எழும்பி வெளியே போனால் எல்லாம் முடிந்தது, அவ்வளவும் தன் பாட்டால். மண்டபத்துக்குள் விசில் சத்தம் தொடங்கியிருந்தது.

“அண்ணை,” என்றார் சிறீதரன். வானொலிக்குரல் எங்கேயோ போய்விட்டது. “அம்மாவின்ர அறிவித்தலிலை நான் வேணுமெண்டு...”

“தெரியும்.”

“என்ன?”

“வேணுமெண்டு விடேல்லை எண்டு தெரியும். அண்டைக்கே தெரியும். அழுகையை அடக்கிக்கொண்டு வாசிச்சாய். எனக்குத் தெரியாதோ உன்ர குரல்? கண் மறைச்சிருக்கும், வரி தாண்டிப் போயிருக்கும்.”

சிவானுஜாவுக்குத் தலைக்குள் கோபம் ஏறியது. பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் வாய் திறக்கக்கூடாது என்று வளர்த்திருந்தார்கள். இருந்தும் திறந்தாள்.

“அப்ப ஏன் பெரியப்பா இவ்வளவு காலமும்? அப்பா உங்கட பேரை வெட்ட விடேல்லை. நான் வெட்டுவம் எண்டனான். அவர் விடேல்லை.”

குணசேகரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். கடைசியாய்ப் பார்த்தபோது அவள் பள்ளிப் பிள்ளை.

“அந்தச் செய்தி வந்த உடனை நான் அழேல்லை, பிள்ளை,” என்றார். “தம்பி செத்திட்டானெண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறன், கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை. என்ர பேர் வருதோ, என்ர பேர் வருதோ எண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருந்தன். குணசேகரம் எண்டு வந்தது. அதுக்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. வராட்டி ரயில் ஏறியிருக்கமாட்டன். வழி முழுக்க அதை நினைச்சு வெக்கமாக் கிடந்தது. இப்படியும் ஒரு மனிசன் இருப்பானோ எண்டு.”

அவர் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“ஏன் எண்டு கேக்கிறாய். கோவிச்சுக்கொண்டு போனவன் தானா எப்படி இறங்கி வாறது? முதல் வருஷம் வரலாமெண்டு பார்த்தன். பிறகு வெக்கமாப் போச்சு. பிறகு அதுவே பழகிப் போச்சு.” அவர் மலர்வளையத்தின் வெள்ளைப் பூக்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்கட ஆக்களுக்கு ஒருத்தரிட்டை ஒருத்தர் போறதெண்டால் ஆராவது சாகவேணும், பிள்ளை. நான் அதுக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தன் போலகிடக்கு.”

உள்ளே சனம் காலால் தரையை அடித்து மிச்சத்தைக் கேட்டது. நிருஜன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போய்விட்டான். சிவானுஜா கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தப் பாட்டு இனி எத்தனை மேடையில் எப்படி முடிந்தாலும் அவளுக்கு அக்கறையில்லை.

சிறீதரன் தமையனின் மடியிலிருந்து மலர்வளையத்தை இரண்டு கையாலும் வாங்கிச் சுவரோரம் வைத்தார். பிறகு அதே பெட்டியில், அவருக்குப் பக்கத்தில், இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு இருந்தார். குணசேகரம் தள்ளி இருக்கவில்லை. கையை நீட்டித் தம்பியின் முழங்காலைப் பிடித்தார். சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விடாமல் அழத் தொடங்கினார்.